லேயர் ஜீரோவில் குடியிருப்போர் கவனத்திற்கு

டிஸ்கி: இது ஆட்டோகேட் பாடம் இல்லை, புலம்பல். கோடு போட்டுப் பிழைக்கிறவங்களுக்கு உடனே புரியும். பொட்டி தட்டிப் பிழைக்கிற மக்கள் 'கோடு'ன்னதும் நிரல்னு நினைச்சு உள்ள வந்திருந்தா மன்னிக்கவும். ஆனா ஓடிடாதீங்க, பாதிக்கு மேல உங்களுக்கும் ஒரு சங்கதி இருக்கு :-)

விஷயம் இதுதான். ஒரு டிராயிங் ஃபைலை அடுத்தவங்களுக்கு அனுப்பும்போது நாம கோடுகளை மட்டும் அனுப்பறதில்லை. எந்தக் கோடு எந்த லேயர்ல இருக்குங்கறதையும் சேர்த்துத்தான் அனுப்பறோம். என்னைக் கேட்டா அந்த ரெண்டாவது பாதிதான் ரொம்ப முக்கியம். கோடு தப்பா இருந்தா டேப் வச்சு அளந்து கண்டுபிடிச்சிடலாம். லேயர் தப்பா இருந்தா எத்தனை தடவை அளந்தாலும் தெரியாது. ஆனா நம்மாளுங்க லேயருக்குப் பேர் வைக்கறதை, வேலை முடிஞ்சப்புறம் நேரம் இருந்தா செய்யற அலங்காரமாத்தான் நினைக்கிறாங்க. நேரம் எப்பவும் இருக்காதுங்கறதைத் தனியா வேற சொல்லணுமா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னா, நான் இதோட ரெண்டு முனையையும் பார்த்தாச்சு. இங்க லண்டனுக்கு முதுகலை படிக்க வர்றதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு டிராயிங் ஆஃபீஸ்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினேன். வெளிநாட்டு ஆஃபீஸ்கள் சாயங்காலம் அனுப்பற பி.டி.எஃப்.ஐ ராத்திரியோட ராத்திரியா டிராயிங் ஆக்கி அனுப்பற வேலை. இப்போ அதே மாதிரி ஃபைல்கள் வந்து இறங்கற பக்கத்துல உக்காந்திருக்கேன். மாணவர் விசாவுக்கு டேர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்துல பாதி, யாரோ ஜீரோவில் கொட்டி வச்ச கோடுகளைப் பொறுக்கிப் பிரிக்கறதுலயே போகுது.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. லேயர்னா ஒண்ணுமில்லை, அடுக்கு. கண்ணாடி மாதிரி தெளிவான தாள்களை ஒண்ணு மேல ஒண்ணா வச்ச மாதிரி. ஒரு தாள்ல சுவர், ஒண்ணுல கதவு, ஒண்ணுல தண்ணி பைப்பு, ஒண்ணுல கரண்ட். எது வேணுமோ அதை மட்டும் காட்டலாம், வேண்டாததை அணைச்சு வைக்கலாம். கம்ப்யூட்டர் வந்துதான் இது வந்ததுன்னு நினைக்காதீங்க. 1970-களிலேயே பாலியஸ்டர் ஃபிலிம்ல துளை போட்டு, குமிழ் வச்ச ஒரு உலோகப் பட்டையில மாட்டி, ஒண்ணு மேல ஒண்ணு இம்மியும் நகராம வச்சு வரைஞ்சிருக்காங்க. தளத்தோட பிளான் ஒரு ஃபிலிம், எலக்ட்ரிகல் ஒரு ஃபிலிம், ஏ.சி. டக்ட் ஒரு ஃபிலிம். யாருக்கு என்ன வேணுமோ அந்தத் தாள்களை மட்டும் சேர்த்துப் பிரதி எடுத்துக் கொடுப்பாங்க. 1982 டிசம்பர்ல வெளிவந்த ஆட்டோகேடும், அதுக்கு முன்னாடி பின்னாடி வந்த மத்த மென்பொருள்களும் எடுத்துக்கிட்டது இந்தப் பழக்கத்தைத்தான்.

நம்ம ஊர் அஞ்சறைப் பெட்டியை நினைச்சுக்கோங்க. கடுகும் சீரகமும் தனித்தனியா இருக்கறது அழகுக்கு இல்லை. அம்மா ஊருக்குப் போயிருக்கும்போது அப்பா தாளிக்கணும், அதுக்குத்தான். பெட்டியை அடுக்கினவங்க இல்லாதப்போ அது வேலை செய்யுதாங்கறதுதான் பரீட்சை. லேயருக்கும் அதே பரீட்சைதான். வரைஞ்சவர் தூங்கிட்டிருக்கும்போது, அஞ்சு மணி நேரம் தள்ளி இருக்கற ஊர்ல, அவரைப் பார்த்தே இராத ஒருத்தர் அந்த ஃபைலைத் திறந்தா அவருக்கு அது புரியணும்.

இப்ப ஜீரோ சமாச்சாரத்துக்கு வருவோம். ஆட்டோகேட்ல புதுசா ஒரு ஃபைல் திறந்தா '0'ன்னு ஒரு லேயர் தானா இருக்கும். அதை அழிக்கவும் முடியாது, பேர் மாத்தவும் முடியாது. அதுக்குன்னு ஒரு வேலை இருக்கு. கதவு, ஜன்னல், வாஷ்பேசின் மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பிளாக்குகளை அதுலதான் வரையணும். அப்பத்தான் அந்த பிளாக்கை எந்த லேயர்ல கொண்டு வந்து வைக்கிறோமோ அதோட நிறத்தையும் கோட்டு வகையையும் அது எடுத்துக்கும். அதைத் தவிர அங்க யாரும் குடியிருக்கக் கூடாது. ஆனா நடப்பு என்ன? ஃபைல் திறந்ததும் கை முதல்ல நிக்கற இடம் அது. அங்கயே சுவர், அங்கயே தூண், அங்கயே சோபா செட். புறம்போக்குல கொட்டாய் போட்ட மாதிரி ஆரம்பிச்சு, கடைசில ஊரே அங்கதான் இருக்கும்.

அதைவிட விசேஷம் 'டெஃப்பாயிண்ட்ஸ்'. அளவு போடும்போது மென்பொருள் தானா உருவாக்கற லேயர். அதுல இருக்கற எதுவும் அச்சுல வராது. அது தெரியாம அதுல பீம் வரைஞ்சு வச்சவங்களை நான் பார்த்திருக்கேன். திரையில எல்லாம் பளிச்சுனு இருக்கும், தாள்ல ஒண்ணும் இருக்காது. தேர்தல் வாக்குறுதி மாதிரி :-)

சிரிச்சாச்சா? இப்ப சிரிக்க முடியாத ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச இடத்துல நடந்தது. ஆஃபீஸ் பேர், தெருப் பேர் எதுவும் வேண்டாம். லண்டன்ல தெருத் தெருவா விக்டோரியா காலத்து வீடுகள், ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்கும். அப்படி ஒரு வீட்டுல சமையலறையைப் பெருசாக்கற வேலை. அந்தக் கால வீடுங்கறதால ஒவ்வொரு அறையிலயும் கணப்பு அடுப்பு இருந்திருக்கும். அதுக்காகச் சுவர்ல ஒரு பகுதி அறைக்குள்ள புடைச்சுக்கிட்டு நிக்கும். இங்க அதுக்கு 'சிம்னி பிரெஸ்ட்'னு பேர். அடுப்பு போய் நூறு வருஷம் ஆனாலும் அந்தச் செங்கல் அங்கதான் இருக்கும். கீழ்த்தளத்துல இருந்து கூரை வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கற கனம் அது.

வீட்டை அளந்தவர் ஒருத்தர். அதை டிராயிங் ஆக்கினவர் வேற தேசத்துல ஒருத்தர். அதை வாங்கி டிசைன் பண்ணினது இங்க ஒரு ஆஃபீஸ். வந்த ஃபைல்ல சமையலறை அலமாரி, சிங்க், பழைய டைல்ஸ் மேடை, கூடவே அந்தச் சிம்னி சுவர் எல்லாம் ஒரே லேயர்ல. ஆமா, ஜீரோவுலதான். அலமாரியெல்லாம் கழட்ட வேண்டியது. ஆஃபீஸ்ல ஒருத்தர் அந்த லேயர்ல இருந்த மொத்தத்தையும் ஒரே தேர்வுல பிடிச்சு 'இடிக்க வேண்டியவை' லேயருக்கு மாத்திட்டார். அலமாரி சிவப்புப் புள்ளிக் கோடா மாறுச்சு. சிம்னி சுவரும் சிவப்புப் புள்ளிக் கோடா மாறுச்சு.

காப்பாத்தினது மென்பொருள் இல்லை, சைட் ஃபோர்மேன். அவர் கீழ்த்தள டிராயிங்கையும் மேல்தள டிராயிங்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கார். "கீழ இருக்கறதை எடுத்துட்டா மேல இருக்கறது எது மேல நிக்கும்?" வேலை நின்னுச்சு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்தார். இந்த மாதிரி சுவரை எடுக்கணும்னா மேல இருக்கற பாரத்தைத் தாங்க இரும்பு பீம் வேணும், கணக்கு வேணும், கட்டட விதிமுறை அனுமதி வேணும். பக்கத்து வீட்டோட பொதுச் சுவர்ல சேர்ந்திருந்தா 1996-ம் வருஷத்துப் பொதுச் சுவர் சட்டப்படி பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும். பொதுச் சுவர்ல கை வைக்கற வேலைன்னா ரெண்டு மாசம் முன்னாடி. இவ்வளவு பெரிய விஷயம், அலமாரியோட சேர்ந்து ஒரு மவுஸ் தேர்வுல போயிருக்கு.

கவனிங்க, அந்த டிராயிங்ல ஒரு கோடுகூடத் தப்பில்லை. எல்லாம் மில்லிமீட்டர் சுத்தம். அளந்தவர் சரியா அளந்தார், வரைஞ்சவர் சரியா வரைஞ்சார், நிறம் மாத்தினவரும் சொன்னதைத்தான் செஞ்சார். இது சுவர், இது அலமாரின்னு சொல்ற அந்த ஒரு தகவல் மட்டும் கைமாறவே இல்லை. அதான் சொன்னேன், லேயர்தான் பாதித் தகவல்னு.

சரி, எல்லாத்துக்கும் தனித்தனி லேயர் போட்டுட்டா தீர்ந்துச்சான்னு கேட்டா, அதுவும் இல்லை. அடுத்த வியாதி அதுதான். நான் திறந்த ஒரு ஃபைல்ல நானூத்துச் சொச்சம் லேயர். சுவர், சுவர்1, சுவர் புதுசு, சுவர் ஃபைனல், சுவர் ஃபைனல்2, சிவப்பு, பச்சை, 0.35, அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் தன் பேர்லயே ஒரு லேயர் (அதுல ரெண்டே ரெண்டு கோடு). இந்தச் சிவப்பு, பச்சை, 0.35 வந்ததுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. பேனா பிளாட்டர் காலத்துல நிறம்னா பேனா. சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பேனா, மஞ்சளுக்கு அந்தப் பேனான்னு நிறத்தை வச்சுத்தான் கோட்டுத் தடிமனை முடிவு பண்ணுவாங்க. பேனா பிளாட்டர் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு. பழக்கம் போகலை. பொருள் எப்படித் தெரியணுமோ அதை வச்சுப் பேர் வைக்கறோம், பொருள் என்னவோ அதை வச்சு வைக்கறதில்லை. நாளைக்கு வேற ஆஃபீஸ் வேற தடிமன்ல அச்சடிச்சா 0.35-ங்கற பேருக்கு என்ன அர்த்தம்? சுவர் எந்தத் தடிமன்ல அடிச்சாலும் சுவர்தான்.

அப்ப எத்தனை லேயர் வேணும்? இதுக்கு நான் வச்சிருக்கற விதி ஒண்ணே ஒண்ணு. "இதை மட்டும் தனியா காட்டு, இல்லைன்னா இதை மட்டும் அணைன்னு என்னைத் தவிர வேற யாராவது கேப்பாங்களா?" கேப்பாங்கன்னா தனி லேயர். கேக்க மாட்டாங்கன்னா வேண்டாம். இடிக்கறவர் 'எதை இடிக்கணும்'னு கேப்பார். பொதுச் சுவர் சர்வேயர் 'பொதுச் சுவர் எது'ன்னு கேப்பார். பிளம்பர் பைப்பைக் கேப்பார். கதவோட கைப்பிடியை மட்டும் தனியா காட்டுன்னு எந்தப் பிறவியும் கேக்காது. ஆக, ஒவ்வொரு லேயரும் யாரோ ஒருத்தர் கேக்கப்போற ஒரு கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைக்கற பதில். கேள்வி இல்லாத லேயர் குப்பை. லேயர் இல்லாத கேள்வி ஆபத்து.

இதை இந்த ஊர்ல ரொம்ப அழகா செஞ்சு காட்டின ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். ஹாரி பெக். லண்டன் பாதாள ரயில்ல சிக்னல் பிரிவுல வரைபட வேலை பார்த்தவர். 1931-ல் ரயில் பாதைகளுக்கு ஒரு புது மாதிரி படம் போட்டார். முதல்ல வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் 1933-ல் அச்சடிச்சுக் கொடுத்ததும் மக்கள் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் செஞ்சது என்ன? ரயில் ஏறுறவனுக்கு ஒரே கேள்விதான்: 'எங்க ஏறி, எங்க மாறி, எங்க இறங்கணும்?' அந்தக் கேள்விக்குத் தேவையில்லாத தெரு, உண்மையான தூரம், வளைவு எல்லாத்தையும் அணைச்சிட்டார். தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டு வச்சார். வடக்கா தெற்கான்னு தெரிஞ்சுக்க. கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல எந்த லேயரை விடணும், எந்த லேயரை அணைக்கணும்னு முடிவு பண்ணின மனுஷன்.

பெக் ஒருத்தரா உக்காந்து முடிவு பண்ணினார். கட்டடத்துல அப்படி முடியாது, கேள்வி கேக்கறவங்க பலபேர். அதனால பேர் வைக்கறதுக்கே ஒரு பொது ஒப்பந்தம் தேவைப்பட்டுச்சு. அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் சங்கம் 1990-ல் லேயர் வழிகாட்டி போட்டுச்சு. 1998-ல் ஐ.எஸ்.ஓ. 13567 வந்துச்சு. பிரிட்டன்ல பி.எஸ். 1192. அதோட 2007 பதிப்புல லேயர் பேரைப் பார்த்தாலே மூணு நாலு விஷயம் தெரிஞ்சிடும். முதல் எழுத்து யாரோட பொருள்னு சொல்லும். ஏ-ன்னா ஆர்க்கிடெக்ட், எஸ்-ன்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஈ-ன்னா எலக்ட்ரிகல், கியூ-ன்னா குவான்டிட்டி சர்வேயர். வீட்டுக்காரருக்குக்கூட ஒரு எழுத்து உண்டு, கே. அடுத்து அது என்ன பொருள்ங்கற வகைப்பாட்டு எண். அடுத்து அது பொருளா, எழுத்தா, அளவா, ஹேட்சிங்கா. கடைசில மனுஷன் படிக்கற மாதிரி ஒரு சின்ன விளக்கம். 2018-ல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 இப்ப அந்தத் தரத்தோட இடத்தை எடுத்துக்கிச்சு. ஆனா எழுத்துகளோட பழக்கம் ஆஃபீஸ்கள்ல இன்னும் ஓடுது.

எனக்கு அதுல பிடிச்சது அந்த முதல் எழுத்துதான். 'என்ன'ங்கறதுக்கு முன்னாடி 'யாரோட'ன்னு சொல்லுது. எஸ்-ல ஆரம்பிக்கற தூணை ஆர்க்கிடெக்ட் ஆஃபீஸ்ல இருக்கற நான் நகர்த்தக் கூடாது. நகர்த்தணும்னா அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேக்கணும். சிம்னி கதையில அந்தச் சுவர் எஸ்-ல ஆரம்பிக்கற லேயர்ல இருந்திருந்தா அலமாரியோட சேர்ந்து அது சிக்கியிருக்காது.

பொட்டி தட்டும் மக்களே, முன்னாடி சொன்ன உங்க சங்கதி இதோ. தமிழ் வலைப்பதிவர்களான நமக்கு இது புதுசே இல்லை. மூத்த பதிவர்கள் கதை கதையா சொல்லியிருக்காங்க. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அந்த ஃபாண்ட் இல்லைன்னா திரையில ஜிலேபி பிழிஞ்ச மாதிரி குறியீடுகள். அப்புறம் டிஸ்கி வந்தது (மேல போட்ட டிஸ்கி இல்லை, எழுத்துக் குறியாக்க டிஸ்கி!), 1999-ல் சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் வந்தது, கடைசில யூனிகோடுல வந்து நின்னோம். அந்தந்தத் தளத்துல எல்லாம் எழுத்து அழகாத்தான் இருந்தது. வெட்டி எடுத்து வேற இடத்துல ஒட்டினாத்தான் உளறும். லேயரும் அச்சு அசல் அப்படித்தான். 'என் ஆஃபீஸ்ல எனக்குப் புரியுது'ங்கறது சொந்த ஃபாண்ட் வச்சிருந்த தளம் சொன்ன அதே பதில்.

(லேயருக்குத் தமிழ்ல பேர் வைக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: வைக்கலாம். ஆட்டோகேட் 2007-ல் இருந்து யூனிகோடு உண்டு. படிக்கறவங்க எல்லாரும் தமிழ் தெரிஞ்சவங்கன்னா தாராளமா 'சுவர்'னு வைங்க. லண்டனுக்கு அனுப்பற ஃபைல்ல வேண்டாம்.)

வீட்டுக்குள்ள இருந்து தெருவுக்கு வந்தா இதே பிரச்சினை இன்னும் பெருசு. லண்டன் தெருவுக்கு அடியில தண்ணி, கேஸ், கரண்ட், சாக்கடை, தொலைபேசி, ஃபைபர்னு எல்லாம் பின்னிக் கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கம்பெனி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பழக்கம். பிரிட்டன்ல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம் குழி தோண்டறாங்க, அதுல சுமார் 60,000 தடவை ஏதாவது ஒரு பைப்போ கேபிளோ அடி வாங்குது, அதனால வருஷத்துக்குச் சுமார் 240 கோடி பவுண்டு நஷ்டம்னு அரசாங்கமே மதிப்புப் போட்டு வச்சிருக்கு. அதுக்காகத்தான் நிலத்தடிச் சொத்துகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு ஆரம்பிச்சாங்க. 2023-ல் வடகிழக்கு இங்கிலாந்து, வேல்ஸ், லண்டன்ல முதல் பதிப்பு ஓட ஆரம்பிச்சுது. 2025-ல் சட்டமும் வந்தாச்சு.

அந்தப் பதிவேட்டை ஒரு வரில சொல்லணும்னா, எல்லாரோட படத்தையும் ஒரே லேயர் முறைக்குக் கொண்டு வர்ற வேலை. பைப்பு எங்க போகுதுன்னு ஏற்கனவே ஒவ்வொருத்தர்கிட்டயும் படம் இருக்கு. ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் படத்து மேல வைக்க முடியாததுதான் கோளாறு. கேஸ் லைன் எது, செத்துப்போன பழைய லைன் எதுன்னு தோண்டறவன் கேக்கற கேள்விக்கு ஒரே இடத்துல பதில் வேணும். நான் மேல சொன்ன அதே விதிதான், கேக்கறவன் கையில மட்டும் கடப்பாரை இருக்கு.

உடனே ஒரு குரல் கேக்குது: "தம்பி, பிம் வந்தாச்சு, லேயர் செத்தாச்சு. இன்னும் எந்தக் காலத்துல இருக்கே?" நியாயமான கேள்விதான். பிரிட்டன்ல மத்திய அரசு கட்டற திட்டங்களுக்கு 2016 ஏப்ரல்ல இருந்து பிம் கட்டாயம். ரெவிட் மாதிரி மென்பொருள்ல சுவருக்குத் தான் ஒரு சுவர்னு தானே தெரியும், லேயரே கிடையாது. பொருள்களை வகை வகையா அதுவே பிரிச்சு வச்சிருக்கும்.

ஆனா ஒரு ரெவிட் மாடலைத் திறந்து பாருங்க. 'ஜெனரிக் மாடல்'னு ஒரு வகை இருக்கும். எதுலயும் சேராததைப் போடறதுக்கு. அவசரத்துல இருக்கறவங்க மேசை, படிக்கட்டு, பீம் எல்லாத்தையும் அதுல செஞ்சு வச்சிருப்பாங்க. அப்புறம் 'எத்தனை டன் இரும்பு?'ன்னு கேட்டா மாடல் முழிக்கும். ஜெனரிக் மாடல்தான் இந்தக் காலத்து லேயர் ஜீரோ. மென்பொருள் மாறுச்சு, ஆள் மாறலை. இன்னொண்ணும் இருக்கு. ரெவிட்ல இருந்து டி.டபிள்யூ.ஜி. எடுக்கும்போது எந்த வகை எந்த லேயருக்குப் போகணும்னு ஒரு அட்டவணை கேக்கும். சின்ன கான்டிராக்டர், கவுன்சில், சர்வேயர், அளவெடுக்கறவர் எல்லாம் இன்னும் டி.டபிள்யூ.ஜி.தான் கேக்கறாங்க. லேயர் சாகலை, அடுத்த வாசல்ல நின்னு காத்துக்கிட்டிருக்கு.

நம்ம நாட்டுப் பக்கமும் இது இனி தள்ளிப்போட முடியாத விஷயம். ஹைதராபாத், புனே மாதிரி ஊர்கள்ல கட்டட அனுமதிக்குப் போற டிராயிங்கை மென்பொருளே படிச்சு, காலி இடம் விட்டிருக்கா, தளப்பரப்பு சரியான்னு கணக்குப் போடுது. மனை எல்லைக் கோடு சொன்ன லேயர்ல இல்லைன்னா அந்த மென்பொருளுக்கு மனையே இல்லை. முன்னாடியெல்லாம் ஆஃபீசர்கிட்ட 'சார், அது எல்லைக் கோடுதான் சார்'னு விரலை வச்சுக் காட்டலாம். மெஷின்கிட்ட விரலை வச்சுக் காட்ட முடியாது.

கடைசியா, இதை எழுத உக்காந்ததுக்கான உண்மையான காரணம். இந்த மாதிரி ஏதாவது நடந்தா லண்டன்ல முதல்ல வர்ற வார்த்தை, 'அங்க வரைஞ்சவங்க சரியில்லை'. அங்கன்னா நம்ம ஊர். எனக்குக் கோபம் வருது. பாதி நியாயத்துக்கு, பாதி நியாயமில்லாததுக்கு.

நியாயமான பாதி: நம்ம கல்லூரிகள்ல, நான் படிச்ச இடத்தையும் சேர்த்து, ஆட்டோகேட்னா கட்டளைகள்தான். லைன், ஆஃப்செட், ட்ரிம், எக்ஸ்டெண்ட். பரீட்சைக்கு ஒரு ரெண்டு படுக்கையறை வீடு, ஒன்றரை மணி நேரம், கோடு சரியா இருந்தா மார்க். அதை எந்த லேயர்ல போட்டேன்னு யாரும் பார்த்ததில்லை. ஐ.டி.ஐ.யில சிவில் டிராஃப்ட்ஸ்மேன் ரெண்டு வருஷப் படிப்பு. அந்த ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரு பையன் வரைஞ்ச ஃபைலை இன்னொரு பையன்கிட்ட கொடுத்து, 'அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம இதுல பைப் லைனை மட்டும் அச்சடிச்சுக் கொண்டு வா'ன்னு சொன்னாப் போதும். நூறு லெக்சர் சொல்லித்தராததை அது சொல்லித்தரும்.

நியாயமில்லாத பாதி: லேயர் பிரிக்கறது வேலைன்னு யாரும் ஒத்துக்கறதே இல்லை. தாளுக்கு இவ்வளவுன்னு ரேட். அனுப்பற பி.டி.எஃப்.ல லேயர் இருக்காது. எந்தச் சுவர் பாரம் தாங்குது, எது மறைப்புச் சுவர்னு அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அனுப்பறவங்க ஒரு வரி எழுதறதில்லை, ஆஃபீஸோட லேயர் பட்டியலோ டெம்ப்ளேட் ஃபைலோ தர்றதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கோயம்புத்தூர்ல உக்காந்திருக்கற ஒரு பொண்ணு அஞ்சாயிரம் மைல் தள்ளி இருக்கற சிம்னியைக் கண்டுபிடிக்கணுமாம். சம்பளம் கோட்டுக்கு, பழி அர்த்தத்துக்கு. இது என்ன கணக்கு?

அதனால நம்ம ஊர் டிராயிங் ஆஃபீஸ்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷன்ல லேயர் அமைப்புக்குன்னு தனி வரி போடுங்க, தனிக் காசு கேளுங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லேயர் பட்டியலைக் கேட்டு வாங்குங்க. தரலைன்னா நீங்களே ஒண்ணு அனுப்பி ஒத்துக்க வைங்க. எது என்னன்னு தெரியாத கோடுகளை ஊகிச்சு எங்கயாவது போடாதீங்க. 'தெரியலை, கேக்கணும்'னு ஒரு லேயர் போட்டு, கண்ணைக் குத்தற நிறம் கொடுத்து அதுல வைங்க. நிஜமாவே சொல்றேன், நான் இப்ப ஒவ்வொரு ஃபைல்லயும் அப்படி ஒண்ணு வைக்கறேன். அந்த லேயர் காலியாகிற வரைக்கும் ஃபைல் வெளியே போகாது. இந்தப் பக்கம் இருக்கற ஆஃபீஸ்களுக்கும் அதே வேண்டுகோள்தான்: கேள்வி வந்தா எரிச்சல் படாம ரெண்டு வரி பதில் போடுங்க. இரும்பு பீமைவிட மலிவு.

அப்புறம் சின்னச் சின்ன புத்திமதி. லேயரை ஆஃப் பண்ணி வச்சா பத்திரம்னு நம்பாதீங்க. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழிச்சா ஆஃப்ல இருக்கறதும் சேர்ந்து போயிடும். பத்திரமா இருக்கணும்னா ஃப்ரீஸ் பண்ணுங்க, இல்லைன்னா லாக் பண்ணுங்க. நிறத்தையும் கோட்டு வகையையும் பொருளுக்குப் பொருள் கையால மாத்தாம லேயர் சொல்றபடி விடுங்க. அடுத்தவங்க டிராயிங்கை எக்ஸ்ரெஃபா வைங்க, உடைச்சு உங்களோட கலக்காதீங்க. ஏற்கனவே குப்பையா வந்த ஃபைலுக்கு லேயர் டிரான்ஸ்லேட்டர்னு ஒண்ணு 2002 பதிப்புல இருந்தே இருக்கு. அதுல ஒரு தடவை உக்காந்து அட்டவணை போட்டு வச்சா அதே ஆஃபீஸோட அடுத்த ஃபைலுக்கு அரை நிமிஷ வேலை.

நாளைக்குக் காலையில காபி கையில இருக்கும்போது ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. நீங்க கடைசியா அனுப்பின ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு லேயரை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் அணைங்க. திரையில தெரியறது என்னன்னு பக்கத்து சீட்ல இருக்கறவர்கிட்ட கேளுங்க. அவர் ஒரே வார்த்தையில சொல்லிட்டா அடுத்த லேயருக்குப் போங்க. "சுவர்... அப்புறம் இது சோபாவா? இது என்ன?"ன்னு இழுத்தாருன்னா காபியை ஓரமா வச்சுட்டு வேலையை ஆரம்பிங்க. எனக்கு நாளைக்கு டெசர்டேஷன் மீட்டிங் இருக்கு, நான் போய்த் தூங்கறேன் :-)